ஒரே மேளக் கச்சேரி, மூன்று ஒலிப்பதிவுகள்

நெல்லியடியில் எங்கள் வீட்டு மேசையில் இப்போது ஒரே கச்சேரியின் மூன்று பிரதிகள் இருக்கின்றன. ஒன்று, மாமா வைத்திருந்த சி-90 கசெற். இரண்டாவது, ரொறன்ரோவிலிருந்து வந்த சீடி. மூன்றாவது, யூடியூப்பில் கிடந்து நான் இறக்கி வைத்த பதிவு. மூன்றிலும் நாதஸ்வரம் அளவெட்டி என்.கே.பத்மநாதன், தவில் யாழ்ப்பாணம் வி.தெட்சணாமூர்த்தி. கோயில் திருவிழா ஒன்றில் யாரோ ஸ்பூல் ரேப்பில் பதிந்ததை, எண்பதுகளின் தொடக்கத்தில் நெல்லியடியில் இருந்த ஒரு றெக்கோடிங் பாரில் கசெற்றுக்கு மாற்றினார் மாமா.

மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறு வேறு கச்சேரிகள் என்றுதான் நினைப்பீர்கள். ஏன் அப்படி என்று தேடத் தொடங்கியபோது எழுதி வைத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படியொரு கசெற் கிடந்தால் பயன்படும்.

முதலில் ஒரு விடயம். இணுவிலில் 1933இல் பிறந்த தெட்சணாமூர்த்தி, 1975இல் நாற்பதுகளின் தொடக்கத்திலேயே காலமானார். அவர் வாசித்த காலத்தில் 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் அடங்கும். மணிக்கணக்கில் நீளும் மேளச் சமாவுக்கு அது எந்த மூலைக்கு? அம்ஷன் குமார் 2015இல் எடுத்த ஆவணப்படம் அவரைப் பற்றி நிறையச் சொல்கிறது. ஆனால் அவருடைய கையை அதன் முழு நீளத்தில் கேட்பதென்றால் கோயில் வீதிகளில் ரசிகர்கள் பதிந்த ரேப்புகளுக்குத்தான் போகவேண்டும். அதனால் அந்த ரேப்புகளின் தரம் பற்றிய பேச்சு வெறும் ஒலிப்பித்தர்களின் பேச்சு அல்ல.

ஒரு நேரடிப் பதிவு எப்படிக் கேட்கும் என்பதை அநேகமாக ஒரே கேள்வி தீர்மானிக்கிறது: மைக் எங்கே இருந்தது? கோயில்களில் இரண்டு வழக்கம் இருந்தது. ஒலிபெருக்கிக்காரரின் அம்பிளிபயரிலிருந்து நேரே வயர் இழுத்துப் பதிவது ஒன்று. சனத்துக்குள் அல்லது மரத்தடியில் ரேப் றெக்கோடரை வைத்துப் பதிவது மற்றது. முதலாவதுதான் தெளிவாக இருக்கும் என்று நானும் நம்பியிருந்தேன். மேளக் கச்சேரிக்கு அது பிழை. தவிலுக்கு ஒலிபெருக்கி தேவையே இல்லை. பலா மரக் கொட்டும், விரல்களில் மாட்டிய கூடும், இடந்தலையில் விழும் கழியும் சேர்ந்து வீதி முழுக்கக் கேட்கும். அதனால் மைக்கை நாதஸ்வரத்தின் அணசுக்குக் கிட்டப் பிடிப்பார்கள். அம்பிளிபயருக்குள் போவதும் நாதஸ்வரம்தான். அந்த வயரில் பதிந்த ரேப்பில் தவில் அடுத்த வீட்டில் வாசிப்பதுபோலக் கேட்கும். மரத்தடி ரேப்பிலோ இரண்டும் அளவாக இருக்கும்.

மேற்கத்தைய ரொக் இசையிலும் இதே கதை உண்டு. அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழு, ரசிகர்கள் கச்சேரியைப் பதிவதை அனுமதித்தது. 1984இல் பதிவோருக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. அவர்களுடைய ரசிகர்கள் இன்றுவரை சண்டை பிடிப்பது, மேடைக் கருவியிலிருந்து நேரே எடுத்த பதிவா, சனத்துக்குள்ளிருந்து எடுத்த பதிவா சிறந்தது என்றுதான். சிறிய அரங்குகளில் கிற்றார் தன்பாட்டிலேயே உரத்துக் கேட்பதால் மேடைக் கருவியில் பாட்டுக் குரல்தான் தூக்கி நிற்கும். எங்கள் தவிலுக்கு நடந்ததுதான் அவர்களுடைய கிற்றாருக்கும். 1977 மே 8இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பெற்றி கன்ரர்-ஜாக்சன் பதிந்த ரேப் அந்தக் குழுவின் மிகப் பெயர்போன பதிவு. அவருடைய ரேப்புகள் பல, வாடகை கட்டாமல் விட்ட ஒரு களஞ்சிய அறையிலிருந்து எண்பதுகளில் ஏலத்தில் போனவை. பின்னர் கோர்னெல் பதிவு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்ந்தது. 2017இல்தான் முறையாக வெளிவந்தது.

எங்கள் ரேப்புகள் ஏலத்துக்குப் போகவில்லை. மண்ணுக்குள் போயின.

மாமாவின் கசெற்றும் பிஸ்கற் ரின் ஒன்றுக்குள் கொஞ்சக் காலம் கிணற்றடியில் கிடந்ததுதான். சோதனைக் காலத்தில் எந்தக் கசெற்றும் சந்தேகத்துக்குரிய பொருள். மேளம் என்று உறையில் எழுதியிருந்தால் யார் நம்புவார்? மேளம் என்று எழுதிய உறைக்குள் வேறு பாட்டுகள் இருந்ததும் உண்மைதானே.

இனி மூன்று பிரதிகளுக்கும் வருகிறேன். ரொறன்ரோ சீடி முதற் கேள்விக்கு மிகச் சுத்தம். இரைச்சலே இல்லை. மாமாவின் கூட்டாளி ஒருவர் 1988இல் கொண்டுபோன கசெற்றிலிருந்து அவருடைய மகன் கணினியில் ஏற்றி, இரைச்சலை நீக்கி அனுப்பியது. இரண்டாம் முறை கேட்டபோதுதான் ஏதோ குறைகிறது என்று பட்டது. வலந்தலையில் கூடு விழும்போது எழும் அந்தச் 'சுரீர்' இல்லை. போர்வையால் மூடிய தவில். காரணம் எளிது. ரேப்பின் இரைச்சல் அதிகம் உறுத்துவது மேல் அதிர்வெண்களில். கூட்டின் கூர்மையும் அங்கேயேதான் இருக்கிறது. மென்பொருளுக்கு இரண்டையும் சரியாகப் பிரிக்கத் தெரியாது. நல்ல நோக்கத்தோடு செய்த வேலை, ஆனாலும் கெடுதல்தான்.

மாமாவின் கசெற்றில் இரைச்சல் மழைபோல் பெய்கிறது, ஆனால் கூடு கேட்கிறது. இன்னொரு குறையும் இருக்கிறது. தவில் பலமாக விழுந்த ஒவ்வொரு தடவையும் நாதஸ்வரம் சட்டென்று பின்வாங்கி, மெல்ல மெல்லத் திரும்பி வருகிறது, ஆள் மூச்சு வாங்குவதுபோல. ஒலியின் அளவைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் அமைப்புள்ள கருவிகள் செய்யும் வேலை அது. பதியும்போதே ரேப்பில் படிந்துவிட்ட குறையைப் பின்னர் முழுமையாக எடுக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் காது பழகிவிடும்.

யூடியூப் பதிவு சுருதியில் தூக்கலாக இருந்தது. இதைக் கண்டுபிடிக்க நல்ல காது கட்டாயமில்லை. ஒலிபெருக்கியின் 'ம்ம்ம்' என்ற முனகல் பழைய பதிவுகளில் இருக்கும். எங்கள் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஓடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அதிர்வெண் வரைபடத்தைத் திறந்தால் அந்த முனகல் எங்கே நிற்கிறது என்று தெரியும். யூடியூப் பதிவில் அது 52இல் நின்றது. அதாவது நான்கு வீதம் வேகம். சுருதியும் அதற்கேற்பத் தூக்கல். ஜெனரேற்றரில் நடந்த கச்சேரிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. எங்கள் கசெற்றில் முனகல் 50இலேயே நின்றதால் துணிந்து திருத்தினேன். திருத்தும்போது வேகத்தையும் சுருதியையும் சேர்த்தே மாற்றவேண்டும். சுருதியை மட்டும் மாற்றினால் தாளம் ஓடிக்கொண்டே இருக்கும்.

பற்றரியில் பதிந்த ரேப்பென்றால் வேறு வில்லங்கம். பற்றரி இறங்க இறங்க ரேப் மெதுவாக ஓடும். பிறகு சரியான வேகத்தில் போட்டுக் கேட்டால் சுருதி ஏறிக்கொண்டே போகும். கச்சேரியின் முடிவில் வித்துவான்கள் சுருதி ஏற்றினார்கள் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

யூடியூப் பதிவில் இன்னொன்றும் இருந்தது. தனி ஆவர்த்தனத்தின் நடுவில் அது திடீரென்று முடிகிறது. எங்கள் கசெற்றிலும் அதே இடத்தில்தான் தவில் நிற்கிறது. ஆனால் எங்களுடையதில் அதன்பிறகு அம்மம்மா பேசுகிறார்.

1991. மின்சாரம் இல்லை. பற்றரி தடைப் பொருள். வெற்றுக் கசெற் கிடைப்பது அதைவிட அரிது. ஜேர்மனிக்குப் போன சின்ன மாமாவுக்குக் குரலில் கடிதம் அனுப்பவேண்டும் என்று அம்மம்மா ஒற்றைக்காலில் நின்றதால், மாமா இந்தக் கசெற்றின் பி பக்கத்தில் கடைசிப் பகுதியைக் கொடுத்தார். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றெக்கோடரை ஓட்டிப் பதிந்தார்கள். மாமாவின் கை களைத்த இடங்களில் ரேப் மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த இடங்களில் இப்போது அம்மம்மாவின் குரல் சிறுமியின் குரலாக ஏறுகிறது. "தம்பி, சாப்பிடுறியோ" என்று தொடங்கி ஏழு நிமிடம். கொண்டுபோவதாகச் சொன்ன ஆள் பயணம் போகவில்லை. கசெற் வீட்டிலேயே தங்கிவிட்டது.

சில வருடங்களுக்கு முன் குடாநாட்டில் ஒரு கடையில் இந்தக் கசெற்றைச் சீடியாக்கக் கொடுத்திருந்தோம். அங்கிருந்துதான் அது யூடியூப்புக்குப் போயிருக்கவேண்டும். "தேவையில்லாத கதை" என்று அந்த ஏழு நிமிடத்தையும் வெட்டித்தான் எங்களுக்கும் தந்தார்கள். நல்லவேளை, கசெற் திரும்பி வந்தது.

ஆக, என்னுடைய முடிவு இப்படி. தவிலின் நாதத்துக்கு மாமாவின் கசெற். தனியின் முடிவுக்கு ரொறன்ரோ சீடி, ஏனென்றால் அது அம்மம்மா பேசுவதற்கு முன்னரே எடுத்த பிரதி. மூடிய தவிலானாலும் தீர்மானம் முழுதாக இருப்பது அதில்தான். யூடியூப் பதிவை அழித்துவிட்டேன்.

உங்களிடம் கசெற் இருந்தால், போட்டுக் கேட்க அவசரப்படாதீர்கள். வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் ஓடவிடவே வேண்டாம். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யவேண்டும். சி-60 ரேப்பின் தடிப்பு ஏறக்குறைய 18 மைக்ரோன், சி-90இல் 12, சி-120இல் 9. சி-120ஐ வேகமாகச் சுற்றினால் அறும், சிக்கும். பின்விளிம்பில் உள்ள பிளாஸ்ரிக் தகட்டை உடைத்துவிட்டால் யாரும் மேலே பதியமுடியாது. ஓடவிடும் கருவியின் ஹெட்டை ஐசோப்ரோபைல் அற்ககோலால் துடையுங்கள். ஹெட்டுக்குப் பக்கத்திலுள்ள சிறிய திருகாணியை மிக மெதுவாகத் திருப்பி, கூடு அதிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். இந்த ஒரு வேலை எந்த மென்பொருளையும்விடப் பலன் தரும். மூலப் பிரதியை 24 பிற், 48 அல்லது 96 கிலோஹேர்ட்ஸ் வேவ் கோப்பாகப் பதிந்து, அதில் எதையும் நீக்காமல் வையுங்கள். இரைச்சல் நீக்குவதெல்லாம் இரண்டாவது பிரதியில். உறையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் எங்கள் நூல்களோடு ஒலி, ஒளி ஆவணங்களையும் இணையத்தில் சேர்த்துவருகிறது. ஒரு பிரதியை அங்கே கொடுக்கலாம்.

சனத்தின் சத்தத்தையும் வெட்டவேண்டாம். வலிகாமம் வடக்கில் 1990இல் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன ஊர்க் கோயில்களின் பழைய ரேப்புகளில், மேளத்துக்குப் பின்னால் மணியோசையும், கடலைக்காரரின் குரலும், பிள்ளையைக் கூப்பிடும் தாயும் இருக்கிறார்கள். அந்த ஊர்கள் அன்று எப்படிக் கேட்டன என்பதற்கு வேறு சான்று மிகக் குறைவு.

சின்ன மாமாவுக்குப் போன மாதம் கோப்பை அனுப்பினேன். வேகத்தைத் திருத்தவா என்று முதலே கேட்டிருந்தேன். வேண்டாம், அண்ணன் களைத்த இடமும் கேட்கட்டும் என்றார்.