கூலிக் கணக்கில் வராத குளிர்காலம்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு துணியைப் பற்றி. ஜப்பானின் எச்சிகோ என்ற பகுதியில், பனியால் வீட்டுக்குள் அடைபட்டிருந்த கிராமத்துப் பெண்கள் நெய்த துணி அது. குளிர்காலம், கிராமம், கைவேலை என்ற மூன்று சொற்களையும் சேர்த்துக் கேட்டவுடன் நம் மனதில் ஒரு படம் வந்துவிடுகிறது. வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே கணப்பு எரிகிறது, ஒரு பாட்டி எதையோ பின்னிக்கொண்டிருக்கிறாள். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் நமக்குக் கொடுத்த படம் இது. அந்தக் கைகளின் உழைப்பு யாருடைய கணக்கில் எழுதப்பட்டது என்று அந்தப் படம் சொல்வதில்லை. அதைத்தான் இன்று கொஞ்சம் விசாரிக்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் பனி. நம் மொழியில் இந்தச் சொல் புல் நுனியில் நிற்கும் துளியைக் குறித்தது. முன்பனி, பின்பனி என்று நாம் பருவத்தை இரண்டாகப் பிரித்தபோது, மண்வாரி எடுத்து வாசலைத் தோண்டும் ஒரு காலத்தை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். இன்று கேட்டுக்கொண்டிருப்பவர்களில் கனடாவிலும் நார்வேயிலும் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் எச்சிகோ உங்கள் ஊர்களை விடத் தெற்கே இருக்கிறது, ஏறத்தாழ 37 பாகை வடக்கில். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. அது நாட்டின் நடுவே நிற்கும் மலைத்தொடரில் மோதி, மலைக்கு இந்தப் பக்கமே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம், இன்றைய டோக்கியோவில், குளிர்காலம் பெரும்பாலும் வெயிலடிக்கும் உலர்ந்த காலம். ஒரே நாடுதான். இங்கே கீழ்த்தளம் பனியில் புதைந்து, மாடி வழியாக வெளியே வரவேண்டிய நிலை. அங்கே நீல வானம்.

இந்த வேறுபாடு ஒருவரைத் தூங்கவிடாமல் செய்தது. அவர் பெயர் சுசுகி பொகுஷி. 1770இல் எச்சிகோவின் ஷியோசாவா என்ற ஊரில் பிறந்தவர், துணி வியாபாரி. தன் 19ஆம் வயதில் 80 சுருள் துணியை விற்பதற்காக எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்குப் போனார். ஒரு சுருள் என்பது ஒரு கிமோனோவுக்குப் போதுமான நீளம். தன் ஊரின் பனியைப் பற்றி அந்த நகரத்து மக்களுக்கு எதுவுமே தெரியவில்லை என்பது அவரைத் திகைக்க வைத்தது. பனி என்றால் அவர்களுக்கு நிலா வெளிச்சத்தில் ரசிக்கும் காட்சி. ஊர் திரும்பியவர் எழுதத் தொடங்கினார். எழுதியதை அச்சேற்ற ஏறக்குறைய 40 ஆண்டுகள் அலைந்தார். சாந்தோ கியோதென், பாகின் என்று அந்தக் காலத்தின் பெரிய எழுத்தாளர்களை நாடினார். ஒரு முயற்சி பணம் இல்லாமல் நின்றது. பாகினிடம் போனதோ ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. கடைசியில் கியோதென்னின் தம்பி கியோசானின் உதவியோடு 1837இல்தான் முதல் பகுதி வெளிவந்தது. ‘ஹொகுயெத்சு செப்பு’ என்பது நூலின் பெயர். வடநாட்டுப் பனியைப் பற்றிய புத்தகம் என்று பொருள் கொள்ளலாம். 1842இல் அவர் இறந்தார். நூல் வெளியாக அலைந்த கதைகள் நம் வட்டத்திலும் உண்டு. ஆனாலும் 40 ஆண்டுகள் என்பது கொஞ்சம் அதிகம்தான்.

அந்த நூலில் பனிச்சரிவு, கரடி வேட்டை, சால்மன் மீன், பேய்க்கதை எல்லாம் இருக்கின்றன. நமக்கு வேண்டியது அவர் விற்ற துணியைப் பற்றிய பகுதி.

துணியின் பெயர் சிஜிமி. சுருங்கியது என்று பொருள். ராமி என்ற செடியின் தண்டுநாரிலிருந்து நெய்வது. தொட்டால் அரிக்கும் நெட்டில் குடும்பத்தைச் சேர்ந்த செடி அது, ஆனால் இது அரிக்காது. பஞ்சை நூற்பதுபோல இந்த நாரை நூற்பதில்லை. வாழைநாரை நகத்தால் கிழித்துப் பூத்தொடுத்தவர்களுக்கு முதல் படி உடனே புரியும். ஈரநாரை நகத்தால் முடி அளவுக்குக் கிழிக்க வேண்டும். ஒரு நாரின் முனையை அடுத்த நாரின் முனையோடு முடிச்சு இல்லாமல் முறுக்கி இணைக்க வேண்டும். இப்படி ஒரு சுருளுக்கான நூலைச் சேர்க்கவே மாதங்கள் ஆகும். ஊடைநூலை மட்டும் கடுமையாக முறுக்கி நெய்வார்கள். நெய்து முடித்து வெந்நீரில் கையால் பிசையும்போது அந்த முறுக்கு தளரப் பார்த்து, துணி முழுவதும் மெல்லிய சுருக்கங்கள் எழும். அதனால் துணி உடம்பில் ஒட்டாது. எடோவின் புழுக்கமான கோடையில் சாமுராய்கள் விரும்பி அணிந்தது அதற்காகத்தான். ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதங்களில் உட்கார்ந்து, மிகச் சூடான மாதங்களுக்காக நெய்திருக்கிறார்கள்.

தறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் குழித்தறியில் பாவு இறுக்கமாக இருக்க மரச்சட்டம் பொறுப்பு. எச்சிகோவின் தறியில் நெய்பவளின் இடுப்புதான் பொறுப்பு. பாவின் ஒரு முனையை இடுப்பு வாரோடு கட்டிக்கொண்டு, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, காலில் கட்டிய கயிற்றை இழுத்து இழையைத் தூக்க வேண்டும். முதுகைச் சற்றுத் தளர்த்தினால் பாவும் தளரும். ராமி நூல் வறண்ட காற்றில் அறுந்துவிடும், ஆகவே பக்கத்தில் தாராளமாக நெருப்பு மூட்டவும் வழியில்லை. குளிர்காலத்து ஈரம்தான் நூலைக் காப்பாற்றியது. ஊரைச் சுற்றிப் பனி கரைந்த பிறகும் நெய்ய நேர்ந்தால், ஒரு பெரிய பாத்திரத்தில் பனியை அள்ளித் தறிக்கு முன்னால் வைத்து அந்த ஈரத்தில் நெய்தார்கள் என்று பொகுஷி எழுதுகிறார்.

கடைசியாக வெளுப்பது. வெள்ளைத் துணியை நெய்த பிறகும், சாயம் போட வேண்டியதை நூலாக இருக்கும்போதும் வெளுப்பார்கள். சாம்பல்நீரில் ஊறவைத்து அலசி, பனிவெளியில் விரித்துவிடுவார்கள். பின்பனியில், பிப்ரவரி, மார்ச் மாத வெயிலில், இது பல நாட்கள் நடக்கும். வெயிலும், பனி ஆவியாகும்போது உண்டாகும் ஓசோனும் சேர்ந்து கறையை நீக்குகின்றன என்பது இன்று தரப்படும் விளக்கம். நூலாக்கம், நெசவு, வெளுப்பு என்று எந்தப் படியை எடுத்தாலும் பனி அதில் ஒரு கருவி. பனி இல்லாவிட்டால் இந்தத் துணியே இல்லை என்று பொகுஷி பெருமையோடு சொல்வதில் மிகை இல்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். இவ்வளவையும் விவரித்துவிட்டு, பொகுஷி போகிற போக்கில் ஒன்று சொல்கிறார். இந்தத் துணிக்குச் செல்லும் கையுழைப்பு எண்ணி முடியாதது. அதற்குக் கூலி போட்டுக் கணக்குப் பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை. பனியில் அடைபட்ட பெண்கள் கை வெறுமனே இருக்காமல் இருக்கச் செய்யும் தொழில், அவ்வளவுதான் என்கிறார். கருத்தை என் சொற்களில் சொல்கிறேன். இதை எழுதுபவர் துணி வியாபாரி என்பதை மறக்க வேண்டாம். வசந்தத்தில் ஷியோசாவா, ஒஜியா, தோக்காமாச்சி, ஹொரினோவுச்சி ஆகிய 4 ஊர்களில் சிஜிமிச் சந்தை கூடும். அங்கே ஒவ்வொரு சுருளும் தரம் பிரித்து, விலை பேசி விற்கப்படும். சந்தையில் துணிக்கு விலை உண்டு. தறியில் கழிந்த நாளுக்கு மட்டும் விலை இல்லை, ஏனென்றால் அது எப்படியும் வீணாகப் போயிருக்கும் நாள். குளிர்காலத்தை ஓய்வுக்காலம் என்று அழைப்பதில் இருக்கும் வசதி இதுதான்.

பொகுஷி நல்ல மனிதர், கண்ணால் கண்டதை மறைக்காதவர். அதனால் அதே நூலில் இதற்கு எதிர்ச்சாட்சியையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். மருமகளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்ப்பது நெசவுத்திறன், அழகு அதற்குப் பிறகுதான் என்கிறார். பெண்களை 12, 13 வயதிலேயே முரட்டுத் துணியில் பழக்குகிறார்கள். மிக நேர்த்தியான துணியை 15, 16 வயதிலிருந்து 24, 25 வயது வரைதான் நெய்ய முடியும். கை வெறுமனே இருக்காமல் இருக்கச் செய்யும் வேலைக்கு இத்தனை ஆண்டுப் பயிற்சியும், பத்து ஆண்டே நீடிக்கும் உச்சமும் எதற்கு?

பிறகு அந்தப் பெண்ணின் கதை. பெயர் சொல்லவில்லை. ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு முதல்முறையாக மிக உயர்ந்த ரகச் சிஜிமி நெய்யும் வாய்ப்பு வருகிறது. விலை எவ்வளவு என்பது அவளுக்குப் பெரிதாகப்படவில்லை. தன் கைத்திறனைக் காட்டிப் பெயர் வாங்க வேண்டும் என்று நாரைக் கிழிப்பது முதல் எல்லாவற்றையும் யாரிடமும் விடாமல் தானே செய்கிறாள். துணி நெய்து முடிந்து வெளுக்கப் போகிறது. திரும்பி வந்த துணியைத் தாய் கொண்டுவந்து கொடுக்க, மகள் ஆசையோடு விரித்துப் பார்க்கிறாள். ஒரு காசு அளவுக்குப் புகைக்கரி போன்ற கறை. முகத்தில் துணியைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். அன்றோடு அவளுக்குப் புத்தி பேதலித்துவிடுகிறது.

இந்தக் கதையைச் சுரண்டலுக்குச் சான்றாக மட்டும் வாசிப்பது எளிது. நான் அப்படிச் செய்யத் தயங்குகிறேன். அவள் கூலிக்காக மட்டும் உடைந்து போகவில்லை. அந்தத் துணியை அவள் தன்னுடையது என்று நினைத்திருந்தாள். வியாபாரியின் கணக்கில் வெறுங்கையை நிரப்பிய பொழுது, அவள் கணக்கில் வாழ்க்கையின் மிக முக்கியமான வேலை. அந்த வேலைக்கு வெளியே அவளுக்கு வேறு பெயரும் கிடைக்கப் போவதில்லை. இரண்டு கணக்குக்கும் இடையில் இருந்த தூரம்தான் அவளைத் தின்றது என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கே ஒரு கிளைச்செய்தி. அதே காலத்து ஜப்பானில் ‘சந்தோமே’ என்று ஒரு கோடுபோட்ட பருத்தித்துணி பிரபலமாக இருந்தது. போர்ச்சுகீசியக் கப்பல்களிலும் பின்னர் டச்சுக் கப்பல்களிலும் சோழமண்டலக் கரையிலிருந்து போனது. பெயர், நம் சென்னையின் சாந்தோம்தான். பிறகு ஜப்பானியர்களே அதைப்போல நெய்து அதே பெயரில் விற்றார்கள். ஊரின் பெயர் இத்தனை தூரம் பயணம் செய்திருக்கிறது. நெய்தவர்களில் ஒருவர் பெயர்கூட அந்தத் துணியோடு போகவில்லை.

ஒரு நூற்றாண்டு கழித்து கவாபாட்டா யசுனாரி வருகிறார். ‘பனிநாடு’ நாவலை 1935 முதல் பகுதி பகுதியாக எழுதி, 1948இல் இறுதி வடிவம் கொடுத்தார். கதை நடக்கும் யுசாவா, ஷியோசாவாவுக்குப் பக்கத்து ஊர். அவர் பொகுஷியை வாசித்தவர். நாவலின் பிற்பகுதியில் சிஜிமி வருகிறது. கதாநாயகன் ஷிமாமுரா, டோக்கியோவில் பழைய துணிக்கடைகளில் சிஜிமி தேடி வாங்குபவன். ஆண்டுதோறும் தன் ஆடைகளைப் பனியில் வெளுக்க எச்சிகோவுக்கே அனுப்பி வைப்பவன். எப்போதோ இறந்துபோன நெசவுப்பெண்களை அவனால் உருக்கமாக நினைத்துப் பார்க்க முடிகிறது. கண்முன் நிற்கும் கொமாக்கோவின் உழைப்புக்கும் அன்புக்கும் அவனால் எதையும் திருப்பித் தர முடிவதில்லை. கவாபாட்டா இதைத் தெரிந்தே எழுதினார் என்றுதான் நான் வாசிக்கிறேன். அழகை ரசிப்பவன் கடன்காரனாகவும் இருக்கலாம் என்பதை அந்த நாவல் போல் குளிர்ச்சியாகச் சொன்ன படைப்புகள் குறைவு.

கவாபாட்டா எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அரசாங்கம் பனியை வேறுவிதமாகப் பார்க்கத் தொடங்கியிருந்தது. பனி ஓர் இடர், அது கிராமத்தை ஏழையாக்குகிறது என்ற வாதம் எழுந்து, 1933இல் யமகதா மாநிலத்தின் ஷின்ஜோவில் பனிப்பகுதிக் கிராமங்களின் பொருளாதாரத்தை ஆராய ஒரு நிலையம் வந்தது. கைவினை இயக்கத்தின் யானாகி சோயெத்சு அதோடு சேர்ந்து உழைத்தார். 1940இல் பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஷார்லோட் பெரியாண்ட் அங்கே வந்து, வைக்கோல் பின்னும் விவசாயிகளோடு வேலை செய்தார். நோக்கம் நல்லதுதான். ஆனால் போருக்குப் பிறகு விவசாயிகள் தாங்களே வேறு விடையைக் கண்டுபிடித்தார்கள். ரயில் ஏறிப் போனார்கள். 1931இலேயே மலையைக் குடைந்து ரயில் வந்துவிட்டது. குளிர்காலம் தொடங்கியதும் ஆண்கள் டோக்கியோவின் கட்டுமான வேலைக்குப் போய், நாற்று நடும் காலத்தில் திரும்பினார்கள். சாகே மது காய்ச்சுவதற்காகக் குளிர்காலத்தில் வெளியூர் போகும் வழக்கம் எச்சிகோ ஆண்களுக்கு முன்பே உண்டு. அங்கே ஒரு நாளுக்கு இவ்வளவு என்று கூலி எண்ணிக் கையில் கொடுத்தார்கள். பனிநாட்டுக் குளிர்கால நாளுக்கு இப்போது விலை வந்துவிட்டது. அந்த விலையோடு ஒப்பிட்டால் யார் நார் கிழிப்பார்கள்? நாமும் கூலி கிடைக்கும் இடம் தேடிப் புறப்பட்டவர்கள்தான் என்பதால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1955இல் ஒஜியா சிஜிமியையும் எச்சிகோ ஜோஃபு என்ற அதன் சகோதரத் துணியையும் ஜப்பான் அரசு முக்கியமான மரபுக்கலையாக அறிவித்தது. கையால் கிழித்து இணைத்த ராமி நூல், கையால் கட்டிச் சாயமிட்ட கோலம், இடுப்பில் கட்டும் தறி, வெந்நீரில் பிசைவது அல்லது காலால் மிதிப்பது, பனியில் வெளுப்பது என்ற 5 நிபந்தனைகளும் நிறைவேறினால்தான் அந்தப் பெயர். 2009இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. நூல் இணைக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டதால் ஓர் ஆண்டில் மிகச் சில சுருள்களே வருகின்றன. விலை, இந்தக் கூட்டத்தில் எவரும் வாங்க நினைக்காத விலை. பொகுஷி போட மறுத்த கூலிக்கணக்கை இப்போது போட்டுப் பார்க்கிறார்கள். போட்டுப் பார்த்தால் துணியை வாங்க ஆள் இல்லை.

நார் பெரும்பாலும் மலைக்கு அப்பால், ஃபுகுஷிமாவின் ஷோவா என்ற கிராமத்திலிருந்து வருகிறது. இளைஞர்கள் வெளியேறி மெலிந்துபோன கிராமம் அது. 1994 முதல் அங்கே ஒரு திட்டம் நடக்கிறது. வெளியூர்களிலிருந்து வருபவர்கள் கிட்டத்தட்ட ஓர் ஆண்டு தங்கி, செடி வளர்ப்பது முதல் நார் உரித்து நெய்வது வரை கற்றுக்கொள்ளலாம். பெரும்பாலும் நகரத்துப் பெண்கள் வருகிறார்கள். பயிற்சி முடிந்ததும் பலர் திரும்பிவிடுகிறார்கள். சிலர் அங்கேயே மணம் முடித்துத் தங்கிவிட்டார்கள், வயலும் வேறு வேலையும் பார்த்துக்கொண்டு, பனி விழும் மாதங்களில் நார் கிழிக்கிறார்கள்.