1941இல் நியூயார்க்கில் இடிந்த சுரங்கம் எது?

கோலார் தங்கவயலில் ஒரு விபத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால், எந்த மைன், எந்த ஷாப்ட், எந்த வருஷம் என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். சாம்பியன் ரீஃபா, உரிகமா, மைசூர் மைனா என்று தெரிந்த பிறகே மற்றப் பேச்சு. அதே கேள்விகளை ஓர் ஆங்கிலப் பாட்டிடம் கேட்டுப் பார்த்தேன். 1967 ஏப்ரலில் பீ ஜீஸ் குழு வெளியிட்ட அந்தப் பாட்டின் தலைப்பு ‘நியூயார்க் மைனிங் டிசாஸ்டர் 1941’. ஊரும் ஆண்டும் தலைப்பிலேயே இருக்கின்றன. சரிபார்ப்பது எளிது என்றுதான் தோன்றும்.

பாட்டில் நடப்பது சிறிய விஷயம். மண் சரிந்து நிலத்தடியில் சிக்கிக்கொண்ட ஒருவர், உடனிருக்கும் ஜோன்ஸ் என்பவரிடம் தன் மனைவியின் படத்தைக் காட்டுகிறார். உரக்கப் பேசவேண்டாம், இன்னும் சரியும் என்கிறார். வெளியே தோண்டும் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். முழுப் பாட்டிலும் நியூயார்க் என்ற சொல்லோ 1941 என்ற எண்ணோ ஓரிடத்திலும் வரவில்லை. முதல் ஐயம் அங்கேதான் எழுந்தது.

நியூயார்க் மாநிலத்தில் நிலக்கரித் தொழிலே இல்லை, எனவே தலைப்பு பொய் என்று பலர் முடித்துவிடுகிறார்கள். இந்த வாதம் போதாது. பாட்டு நிலக்கரி என்று எங்கும் சொல்லவில்லை. அந்த மாநிலத்தில் இரும்பு, துத்தநாகம், உப்பு மூன்றையும் நிலத்தடியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஆகவே நிலவியலை மட்டும் வைத்து இந்த வழக்கை முடிக்க இயலாது.

அடுத்த தடயம் 1990இல் வந்த பீ ஜீஸ் தொகுப்பின் குறிப்புரை. பாட்டை எழுதிய சகோதரர்கள் பாரி கிப், ராபின் கிப் இருவரில் ராபின் அதில் பேசுகிறார். நியூயார்க்கில் 1939இல் ஒரு விபத்து நடந்ததாகவும், 1941இல் நடக்கவில்லை என்றும், நியூயார்க் என்ற பெயர் கவர்ச்சியாக இருந்ததால் சூட்டியதாகவும் சொல்கிறார். இது இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்துச் சொன்ன நினைவு. அதனால் 1939 என்பதை நான் சான்றாகக் கொள்ளவில்லை. தலைப்பு கற்பனை என்ற ஒப்புதலை மட்டும் ஏற்கிறேன். தன் படைப்பின் மதிப்பைக் குறைக்கக்கூடிய ஒன்றை ஒருவர் வலியச் சொல்லும்போது அதற்கு எடை அதிகம்.

அதே குறிப்புரை உண்மையான மூலத்தையும் காட்டுகிறது. வேல்ஸ் நாட்டின் அபர்வான் கிராமம், 1966 அக்டோபர் 21, காலை 9.15 மணி. மலைச்சரிவில் நீரூற்றுகளின் மேல் கொட்டி உயர்த்தியிருந்த ஏழாம் எண் நிலக்கரிக் கழிவு மேடு நனைந்து கரைந்து, பாண்ட்கிளாஸ் தொடக்கப் பள்ளியின் மீது இறங்கியது. இறந்தவர் 144 பேர். அவர்களில் 116 பேர் குழந்தைகள். சுரங்கத்தின் சயனைடு கழிவு மேடுகளின் அடிவாரத்தில் வளர்ந்த தங்கவயல்காரர்கள் இந்த வரிகளைச் சாதாரணமாகக் கடந்துபோக மாட்டார்கள்.

தேதிகளை அடுக்கிப் பார்த்தேன். அபர்வான் சரிந்தபோது கிப் சகோதரர்கள் ஆஸ்திரேலியாவில் இருந்தார்கள். 1967 பிப்ரவரியில்தான் கப்பலில் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள். மார்ச்சில் பாட்டு பதிவானது. விசாரணை மன்றத்தின் அறிக்கை வெளிவந்ததோ அந்த ஆகஸ்டில். ஆக, பாட்டு எழுதியபோது அவர்களுக்கு எட்டியிருக்கக்கூடியது செய்திகளும் ஊர்ப்பேச்சும் மட்டுமே. இன்னொரு முரணும் உண்டு. அபர்வானில் சரிவு நிலத்துக்கு மேலே. பாட்டில் நிலத்துக்குக் கீழே. அந்த இருட்டு எங்கிருந்து வந்தது? லண்டனில் இசைத்தட்டு நிறுவனத்தின் இருண்ட மாடிப்படியில் உட்கார்ந்து, எதிரொலி கேட்டபடி எழுதியதாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள். துயரம் வேல்ஸுடையது, இருட்டு மாடிப்படியுடையது, தலைப்பு எங்குமே இல்லாதது என்று பிரித்துக்கொண்டேன்.

அப்படியானால் உரக்கப் பேசாதே என்ற எச்சரிக்கை? அதைத் தங்கவயலில் வைத்துத்தான் எடைபோட முடியும். பழைய அறிக்கைகள் ‘ஏர் பிளாஸ்ட்’ என்று குறிப்பிடும் பாறை வெடிப்பு இங்கே 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே தொடங்கிவிட்டது. சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம். தாதுவை எடுக்க எடுக்க, அது தாங்கிய பாரம் சுற்றியுள்ள பாறைக்கு மாறுகிறது. தாங்கமுடியாத கணத்தில் பாறை சிதறுகிறது. பெரிய வெடிப்புகளில் மேலே வீடுகளும் அதிர்ந்தன. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988இல் தங்கவயலில் அமைந்ததற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. இத்தனை பாரத்துக்கு முன்னால் மனிதக் குரல் ஒரு பொருட்டே அல்ல.

ஆனாலும் அந்த அமைதியை நான் தள்ளிவிடவில்லை. சுரங்கத்தில் கம்பியால் கூரையைத் தட்டி, ஒலி பொள்ளலாக வந்தால் பாறை பிடிப்பில்லாமல் நிற்கிறது என்று அறிவார்கள். சிக்கியவர்கள் காத்திருப்பதும் மீட்பவர்களின் ஓசைக்குத்தான். பாட்டு அமைதிக்குச் சொன்ன காரணம் தவறு. அமைதி வேண்டும் என்றது சரி. சுரங்கத் தொழிலாளிகள் அல்லாத இளைஞர்கள் இதைத் தொட்டிருக்கிறார்கள்.

ஒப்பிட இன்னொரு பாட்டையும் எடுத்துக்கொண்டேன். 1966இல் லீ டார்சி பாடிய ‘வொர்க்கிங் இன் த கோல் மைன்’ என்ற சோல் பாட்டு. எழுதிய ஆலன் டூசானும், கார்களின் உடற்பகுதியைப் பழுதுபார்த்துப் பிழைத்த டார்சியும் நியூ ஆர்லியன்ஸ்காரர்கள்; நிலக்கரிச் சுரங்கத்தோடு இருவருக்கும் தொடர்பில்லை. ஆனால் விடியுமுன் எழுந்து போவதும், சனிக்கிழமை வந்தும் கொண்டாட உடம்பில் தெம்பில்லாததும் அதில் இருக்கின்றன. சங்கு ஊதியதும் ஷிப்டுக்கு ஓடிய எந்த லயன் வீட்டுக்கும் அது பொருந்தும். பீ ஜீஸ் பாட்டில் சாவு இருக்கிறது. இதில் அன்றாடம் இருக்கிறது. என் தீர்ப்பில் சுரங்க வாழ்வுக்கு அதிகம் நெருங்கியது டார்சியின் பாட்டுதான்.

வெளியூர்ப் பாட்டுகளுக்குத் தொகுப்பும் குறிப்புரையும் இருப்பதால் இவ்வளவும் தேட முடிந்தது. தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. உள்ளே இறங்கி வேலை செய்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் சுரங்கத்தைப் பற்றித் தமிழில் பாடிய ஒரு பாட்டு யாருக்காவது நினைவிருந்தால், பாட்டோடு பாடியவர் பெயர், அவர் இறங்கிய ஷாப்ட், ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதையும் சேர்த்து எழுதிவையுங்கள்.