ஈவ் டீசிங்

பொது இடங்களில் பெண்களைத் தொல்லைப்படுத்துவதைக் குறிக்க இந்திய ஆங்கிலத்தில் உருவாகித் தமிழிலும் புழங்கும் சொல். 'ஈவ்' விவிலியத்தின் ஏவாள். 'டீசிங்' கேலி, சீண்டல். குற்றத்தை விளையாட்டாகக் காட்டும் கொடிய சொல் இது. 1998-இல் சென்னையில் ஆட்டோவில் வந்த இளைஞர்களின் அத்துமீறலால் கல்லூரி மாணவி ஒருவர் உயிரிழந்தார். அவ்வாண்டே தமிழக அரசு கொண்டுவந்த தடைச் சட்டமும் இச்சொல்லையே பெயரில் தாங்கியது. பேருந்தில் ஒரு பெண் புகார் சொன்னால், வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்கே ஓட்டிச் செல்வது ஓட்டுநர், நடத்துநரின் கடமை என்றது அச்சட்டம். 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் இச்சொல்லை நீக்கி, பெண்ணைத் துன்புறுத்துதல் என்று நேராகவே பெயரிட்டது. நாளிதழ்கள் இன்று எழுதும் 'பாலியல் சீண்டல்' என்பதிலும் பழைய கேலியின் வாடை உண்டு. 'பாலியல் துன்புறுத்தல்' என்பதே பொருந்தும்.