வேளைக்கீரையும் அடைத்த கதவும்

தானே முளைத்த கீரையைப் பறித்துண்பதை இழிவென்று கருதும் வழக்கம் இன்று நேற்று உண்டானதன்று. நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படையில் இதற்குச் சான்று உளது. பசியால் வாடிய கிணைமகள் ஒருத்தி, குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி, உப்பும் இன்றி வேகவைத்து, அறிவிலார் காண்பரென நாணி, வாயிற்கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தாரோடு உண்கின்றாள். பசியினும் அயலார் கண்ணே அவளை அதிகமாக வருத்திற்றுப் போலும்! 1889-இல் உ. வே. சாமிநாதையரவர்கள் பத்துப்பாட்டை அச்சிட்டு வெளியிட்டிராவிடின், அக்கதவினுள் நடந்தது நம்மிற் பலருக்குத் தெரிந்திராது.

ஆயினும் கீரை செய்த குற்றம் யாது? புறநானூற்று 215-ஆம் பாட்டிலே கோப்பெருஞ்சோழன், தன் நண்பர் பிசிராந்தையாரின் பாண்டிநாட்டைக் கூறுமிடத்து, எருப் பரந்த தெருவில் தழைத்த அதே வேளையின் வெண்பூவைத் தயிரிலிட்டு ஆய்மகள் சமைத்த புளிங்கூழை, வரகுச்சோற்றோடு அவரை கொய்வோர் வயிறார உண்பர் என்கின்றான். ஆங்குக் கதவடைத்தார் எவருமிலர். செடி ஒன்றே, முளைத்த இடமும் ஏறக்குறைய ஒன்றே. வறுமை என்னும் பெயர் சேர்ந்தவிடத்து நாணமும் சேர்ந்தது.

இன்று நல்வேளை என வழங்கும் இதனை ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா தேசத்தார் பயிரிட்டுச் சந்தையில் விற்கின்றனர். கசப்பு நீங்கப் பாலிலிட்டுச் சமைப்பாரும் உளர். நாமோ களையென்று பிடுங்கி எறிகின்றோம். விருந்தினர் வருங்கால் கீரைச்சட்டியை மூடிவைக்கும் இல்லங்கள் நம்முள் எத்தனையோ!