மண்ணுக்கடியில் ஒரு மாநகரம்

ஒரு நகரத்தின் பெருமையைக் கூற வருவோர் அதன் மாளிகைகளையும் பாலங்களையும் சுட்டிக் காட்டுவர். அங்கு வாழும் மக்களை நோயின்றிக் காப்பது எது என்று வினவினால், விடை பெரும்பாலும் மண்ணுக்கடியில் இருக்கும். நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். நிலத்தடியில் நீர் செல்லும் வழியைக் குறிக்கும் ‘சுருங்கை’ என்னும் சொல் மணிமேகலையிலேயே வருகிறது. தொழிலும் பணியும் நாடி வந்து கொல்கத்தாவைத் தம் ஊராகக் கொண்ட நாம், இம்மாநகரின் சுருங்கைகளுடைய வரலாற்றை அறிந்துகொள்வது தக்கதேயாகும்.

இந்நகரின் மேற்கே ஹூக்ளி ஆறு ஓடுகிறது. ஆதலின் கழிவுநீரெல்லாம் அவ்வாற்றை நோக்கியே செல்லும் என்று புதியவர் எண்ணுவர். உண்மை அதற்கு நேர்மாறானது. ஆற்றங்கரை மேடு; நிலம் கிழக்கே உப்பேரிகளை நோக்கிச் சாய்கிறது. இச்சாய்வை மதியாமல் வெட்டப்பட்ட பழைய திறந்த சாக்கடைகளில் நீர் தேங்கி நாறியது. காலரா ஆண்டுதோறும் உயிர்களை வாரிச் சென்றது. நகரின் வடிகால்கள் மிகக் குறைபாடுடையவை என்று 1803 ஆம் ஆண்டிலேயே வெல்லெஸ்லி பிரபு எழுதி வைத்தார். குழுக்கள் அமைந்தன, அறிக்கைகள் பிறந்தன, சாக்கடை மட்டும் இருந்தபடியே இருந்தது.

இறுதியில் வில்லியம் கிளார்க் என்னும் பொறியியலாளர் 1855 இல் ஒரு திட்டம் வகுத்தார். நிலத்தோடு போராடாமல் அதன் சாய்வையே துணையாகக் கொண்டு, தெருக்களுக்கு அடியில் செங்கற் கால்வாய்கள் கட்டிக் கழிவுநீரையும் மழைநீரையும் ஒருங்கே கிழக்கே கொண்டு செல்வதே அத்திட்டம். 1859 இல் தொடங்கிய பணி 1875 இல் நிறைவெய்தியது. வெல்லெஸ்லியின் குறிப்புக்கும் இந்நிறைவுக்கும் இடையே 72 ஆண்டுகள்! காலராக் கிருமியை இந்நகரத்துக் குளத்து நீரில் ராபர்ட் காக் கண்டு உறுதிசெய்தது அதன் பின்னர், 1884 இல்தான். கிருமி இன்னதென்று உலகம் தெளியுமுன்பே அதன் வழியை அடைக்கக் கட்டப்பட்டவை இக்கால்வாய்கள்.

கட்டி முடித்ததோடு கடமை முடிந்துவிட்டதா? இல்லை, அங்கேதான் தொடங்குகிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டுக்களில் ‘ஏரி வாரியம்’ என்றொரு குழுவைக் காண்கிறோம். ஏரி வெட்டுவது ஒருமுறை, அதனைக் காப்பது என்றென்றும் என்பதை உணர்ந்த அறிவு அது. பாதாளச் சாக்கடைக்கும் அதே நெறிதான். கழிவுநீர் போதிய விரைவோடு ஓடினால் தன் வழியைத் தானே துலக்கிக்கொள்ளும். விரைவு குறைந்தால் மண்ணும் மணலும் அடியில் தங்கும். தங்கிய தூர் ஓட்டத்தை மேலும் தளர்த்தும். தளர்ந்த ஓட்டம் மேலும் தூரைச் சேர்க்கும். இவ்வாறு நூறாண்டுக்கு மேலாகப் படிந்த தூர் கிளார்க்கின் கால்வாய்களின் கொள்ளளவைப் பெரிதும் விழுங்கிவிட்டது. இந்நூற்றாண்டில்தான் அவற்றுட் பலவற்றைத் தூர் வாரி, உள்ளே கண்ணாடி இழைப் பூச்சுறை அமைத்து வலுவூட்டினர்.

கழிவுநீர்த் துறையினரின் அன்றாடப் பணியை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பாமர் பிரிட்ஜ், பாலிகஞ்ச் முதலிய இடங்களில் இறைப்பு நிலையங்கள் ஓய்வின்றி இயங்க வேண்டும். பெருமழையும் கடலோதமும் ஒரே வேளையில் வந்தால் இடர் இரட்டிப்பாகும். ஓத நீர் ஊருக்குள் ஏறாதபடி ஆற்றோர மதகுகளை மூட வேண்டும். மூடினால் ஊர்நீர் அவ்வழியே வெளியேறாது. மழைக்காலத்தில் நம் தெருக்களில் நீர் நிற்கும்போது, ‘துறையினர் உறங்குகின்றனர்’ என்று கூறுமுன் இதனையும் நினைத்தல் வேண்டும்.

கொண்டு சென்ற நீரை எங்கே விடுவது என்பது அடுத்த வினா. கிளார்க்கின் கால்வாய்கள் வித்யாதரி ஆற்றை நம்பியிருந்தன. அவ்வாறோ தூர்ந்துகொண்டே வந்து, 1928 இல் வடிகாலுக்கு உதவாத ‘இறந்த ஆறு’ என்று அரசால் அறிவிக்கப்பட்டது. வாயடைந்த நகரம் செய்வதென்ன? மாநகராட்சியின் பொறியியலாளர் பி. என். டே என்பவர் கிழக்கே நெடுந்தொலைவிலுள்ள குல்டி ஆறு வரை, வறண்ட கால நீருக்கு ஒன்றும் மழைநீருக்கு ஒன்றுமாக இரு கால்வாய்களை வெட்டுவித்தார். 1940களில் அவை பயன்பாட்டுக்கு வந்தன.

அக்கால்வாய்களை ஒட்டிய ஏரிகளில் மீனவரும் உழவரும் ஓர் அரிய கலையை வளர்த்தனர். ஆழமற்ற குளங்களில் கழிவுநீரை அளவறிந்து விடுவர். வெயிலும் பாசியும் நுண்ணுயிரும் அதனைத் தூய்மை செய்யும். பாசியை உண்டு மீன் வளரும். வெளியேறும் நீர் வயலுக்குப் பாயும். பள்ளியில் கல்லாத பொறியியல் இது! துருவஜோதி கோஷ் என்னும் பொறியியலாளர் இதன் அருமையை உலகுக்கு எடுத்துரைத்தார். 1992 இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் இந்நிலத்தைக் காக்கத் தீர்ப்பளித்தது. 2002 இல் ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. நாம் வீசியெறிந்ததே மீனாகவும் கீரையாகவும் நம் சந்தைக்கு மீண்டு வருகிறது.

இத்தனை பெருமைக்கும் அடியில் ஒரு பெருந்துயரம் கிடக்கிறது. அடைத்துக்கொண்ட சாக்கடையில் இறங்குபவன் யார்? பெரும்பாலும் சாதியின் பெயரால் இத்தொழிலில் பிணிக்கப்பட்டவன். அல்லது பிழைப்புத் தேடி வந்த ஏழைக் கூலி. ஆள்நுழைவுக் குழியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கொடுமையானது. சிறிதளவில் அழுகிய முட்டைபோல் நாறும். மிகுந்தாலோ மோப்ப உணர்வையே மழுக்கிவிடும். நாற்றம் இல்லையென்று நம்பி இறங்குபவன் மயங்கி வீழ்கிறான். அவனைக் காக்க இறங்குபவனும் வீழ்கிறான். 2021 பிப்ரவரியில் இந்நகரின் குத்காட் பகுதியில் நால்வர் மாண்டனர். 2025 பிப்ரவரியில் பந்தலாவிலுள்ள தோல் தொழில் வளாகத்தில் மூவர் மாண்டனர். அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் கொல்கத்தா உட்பட ஆறு பெருநகரங்களில் மனிதரை இறக்கிச் சாக்கடை துலக்குவதை உச்சநீதிமன்றம் தடைசெய்திருந்தது.

2013 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பலர் மாநகராட்சிக்கு மட்டும் உரியதென எண்ணுகின்றனர். அது தனி மனிதரையும் கட்டுப்படுத்தும். காப்புக் கருவியின்றி ஒருவரைச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறக்கும் வீட்டுக்காரரும் குற்றவாளியே. முதற் குற்றத்திற்கே ஈராண்டு வரை சிறையோ, 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ உண்டு. சாக்கடையில் மாண்டவரின் குடும்பத்திற்கு 2014 இல் 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு விதித்த உச்சநீதிமன்றம், 2023 இல் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. ஆயின், தந்தையை இழந்த பிள்ளைக்கு எத்தொகை ஈடாகும்?

எனவே நம் குடியிருப்புக்களில் வாழும் குடும்பத்தினர்க்குச் சில கடமைகள் உண்டு. துணி, நெகிழிப்பை, சமையல் எண்ணெய் ஆகியவற்றைச் சாக்கடையில் இடுதல் கூடாது; அங்கு சேரும் ஒவ்வோர் அடைப்பும் ஒருவனைக் குழிக்குள் அழைக்கும் அழைப்பாகும். தொட்டி நிரம்பினால் மலிவான ஆளைத் தேடாமல் இயந்திர வண்டியைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். கிழக்கு ஏரிகள் கட்டடங்களுக்கு இரையாகும் செய்தி வரும்போது, அது நம் வீட்டு வடிகாலின் செய்தியே என்று உணர்தல் வேண்டும்.

வந்தாரை வாழவைத்த நகரம் இது. இதன் தூய்மையைத் தாங்கும் கைகளுக்கு நாம் செலுத்தும் முதல் நன்றி, அக்கைகளை உயிரோடு வீடு திரும்பச் செய்வதேயாகும்.