தேறி வந்தவருக்கு மீண்டும் காய்ச்சல் ஏன்?

சளிக்காய்ச்சல், கோவிட்-19 போன்ற நச்சுயிரால் கடும் நிமோனியா கண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவருக்கு, தேறிவரும் வேளையில் திடீரெனக் காய்ச்சல் ஏறுவதுண்டு. பழைய நோயே திரும்பிவிட்டதெனக் குடும்பத்தார் கலங்குவர். பல வேளைகளில் அது வேறு கிருமி. இதை இரண்டாம் நிலைத் தொற்று என்கின்றனர்.

மூச்சுக்குழாயின் உட்பரப்பையும், சளியை வெளியே தள்ளும் நுண்ணிய இழைகளையும் நச்சுயிர் சிதைத்துவிடுகிறது. அதன் பிறகு பாக்டீரியாவுக்குத் தடையில்லை. 1918 பெருந்தொற்றின் பெரும்பாலான மரணங்களுக்கு இதுவே காரணமாக இருக்கலாம் என, பாதுகாக்கப்பட்ட நுரையீரல் திசுக்களைச் சோதித்த அமெரிக்க ஆய்வாளர்கள் 2008-இல் தெரிவித்தனர்.

தொண்டையில் செலுத்தும் சுவாசக் குழாய் இன்னொரு வாசல். அவ்வழியே இறங்கும் மருத்துவமனைக் கிருமிகள் சில, பல மருந்துகளுக்கு மசியாதவை. நுரையீரல் அழற்சியைத் தணிக்கத் தரும் ஸ்டீராய்டு, எதிர்ப்பாற்றலைக் குறைத்து ரத்தச் சர்க்கரையையும் ஏற்றும். இனிப்பு நீர் உள்ளவருக்கு (நம்மில் எத்தனை பேர்!) ஆபத்து கூடுதல். 2021-இல் இந்தியாவில் கரும்பூஞ்சை பெருகியதற்கு இவ்விரண்டும் முக்கியக் காரணங்கள்.

எந்தக் கிருமி, எந்த மருந்து என்று சளிப் பரிசோதனையில் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகலாம். தாதியரிடம் கோபப்பட வேண்டாம். கட்டிலின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தியிருப்பது, எச்சில் நுரையீரலுக்குள் இறங்காமலிருக்க. பார்க்கப் போகிறவர்கள் அதைத் தாழ்த்தக் கூடாது. கையைக் கழுவிவிட்டே நோயாளியைத் தொட வேண்டும்.