அரிசியின் நிறம் போன கதை



போன வாரம் ராயபுரம் மார்க்கெட்டில் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். கையில் ஒரு கிலோ கருப்பு கவுனி. "சுகர் மாத்திரையை நிறுத்திட்டேன் சார், இனிமே இந்தக் கஞ்சிதான்" என்றார். அங்கே நின்று பாடம் நடத்த முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

உமியை நீக்கியதும் தெரியும் தவிட்டுத் தோலில்தான் அரிசியின் நிறம் இருக்கிறது. கவுனியின் கருமைக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. நாவல் பழத்துக்கும் கத்தரிக்காய்த் தோலுக்கும் ஊதா தருவது இதே வகைதான். உரலில் குத்திய காலத்தில் அந்தத் தோல் ஓரளவு தங்கியது. மில் வந்தது, தவிட்டோடு நிறமும் போனது.

இதில் நம் துறைமுகத்துக்கும் பங்கு உண்டு. பர்மா மில்களில் தீட்டிய அரிசி கப்பல் கப்பலாகச் சென்னைக்கு வந்தது. 1942 மார்ச்சில் ஜப்பான் ரங்கூனைப் பிடித்ததும் அந்த வரத்து நின்று தட்டுப்பாடு வந்தது. செட்டிநாட்டு விருந்தில் இனிப்பாகப் பரிமாறும் கவுனியும் நகரத்தார் பர்மாவிலிருந்து கொண்டுவந்தது என்றே சொல்வார்கள். வெள்ளை அன்றாடச் சோறானது. கருப்பு விசேஷத்துக்கு மட்டும் என்றானது.

தவிட்டை இழந்ததன் விலையை முதலில் காட்டியது பெரிபெரி நோய். 1890-களில் ஜாவாவில் டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதைக் கண்டார். 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1918-இல் நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் மெக்கரிசன் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அந்தச் சிறு ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது.

அன்று தேடியது வைட்டமினை. நிறத்தின் முறை பிறகு வந்தது. உடலில் கொழுப்பு மிகுந்தால் உள்ளே மெல்லிய அழற்சி நீடிக்கும். அது இன்சுலினின் வேலையைக் கெடுக்கும். 2003-இல் ஜப்பானில், கொழுப்புத் தீனி தின்ற சுண்டெலிகளுக்கு ஊதா மக்காச்சோளத்தின் ஆந்தோசயனினையும் கொடுத்தார்கள். எடை அவ்வளவாக ஏறவில்லை. சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தது.

ஆனால் அது சுண்டெலி, பிள்ளைகளே! மனிதர்களிடம் பலன் அவ்வளவு தெளிவாக இல்லை. கவுனியிலும் மாவுச்சத்து நிறையவே உண்டு. வெள்ளைச் சோற்றுக்குப் பதிலாக அளவோடு சாப்பிடுங்கள். நிறமி தண்ணீரில் கரையும். ஊறவைத்த நீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவையுங்கள். மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

அந்த மாணவரும் இதைப் படிப்பார். தம்பி, நாளைக்கே டாக்டரைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் செய்.